உடைந்த கிளைடரும் ஒட்டிய பசையும் – ஒரு சின்ன வரலாறு

1878-ம் ஆண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ரேப்பிட்ஸ் என்ற ஊர். மில்டன் ரைட் என்ற பாதிரியார் வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது தன் பையன்களுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான். கையை விட்டால் காற்றில் எழும்பிப் பறக்கும். பெரியவன் வில்பருக்கு வயது 11, சின்னவன் ஆர்விலுக்கு 7. இருவரும் அது உடையும்வரை அதை வைத்து விளையாடினார்கள். உடைந்த பிறகு அதேபோல ஒன்றைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

அந்தப் பையன்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதை தொடங்கியது ஒரு உடைந்த பொம்மையில் இருந்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விமான வரலாறு என்றாலே யார் முதலில் பறந்தார், எவ்வளவு தூரம் பறந்தார் என்பதுதான் பாடப் புத்தகத்தில் வரும். விழுந்து உடைந்ததை எப்படி ஒட்டினார்கள், எதை வைத்து ஒட்டினார்கள் என்பது வராது. உண்மையில் பறந்த நேரத்தைவிட ஒட்டிய நேரமே அதிகம்!

இன்றும் அதே கதைதான். ரேடியோ கண்ட்ரோல் கிளைடர் விடுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிளைடர் என்பது என்ஜின் இல்லாத விமானம். மேலே எழும் காற்றை நம்பி மிதப்பது. கீழே ஒருவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு வாலைத் திருப்பி அதை ஓட்டுவார். ஒரு நொடி கவனம் தப்பினால் தரையில் மூக்கைக் குத்தும். எடுத்துப் பார்த்தால் இறக்கை நன்றாக இருக்கும், வாலும் நன்றாக இருக்கும். இரண்டையும் இணைக்கும் உடற்பகுதி மட்டும் இரண்டு துண்டாகக் கிடக்கும். ஆங்கிலத்தில் இதைத்தான் பியூஸலாஜ் என்கிறார்கள்.

ஏன் உடல் மட்டும் உடைகிறது? அதைச் சரி செய்ய மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்கே உடையும்?

முதலில் கொஞ்சம் இயற்பியல். கிளைடரின் மூக்கு தரையில் மோதி நின்றுவிடுகிறது. ஆனால் வால் நிற்கவில்லை, அது வந்த வேகத்திலேயே போகப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் ஒல்லியான உடல்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வது மாதிரிதான். அதனால் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உடல் முறியும்.

மூக்கு உடைவது வேறு விதம். மூக்குக்குள்தான் பேட்டரி இருக்கிறது. மோதும்போது பேட்டரி உள்ளேயிருந்து சுத்தியல் மாதிரி அடித்து மூக்கைப் பிளந்துவிடும்.

இன்னொரு விஷயம், உடலில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே உடைவது சுலபம். பேட்டரி மாற்ற ஒரு கதவு, கம்பி வர ஒரு துளை என்று எங்கேயாவது வெட்டியிருப்பார்கள். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் அங்கிருந்து கிழிப்பது எப்படிச் சுலபமோ, அப்படி. இந்த ஓட்டை விஷயத்தை மறக்க வேண்டாம். கீழே ஒரு பெரிய போர் விமானம் இதே காரணத்தால் உடையப் போகிறது.

பிரம்பும் துணியும் இருந்த காலம்

கிளைடரின் கதை பொம்மையில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1804-ல் ஒரு சிறிய மாதிரி கிளைடர் செய்தார். ஒரு நீண்ட குச்சி, முன்பக்கம் பட்டம் போன்ற இறக்கை, பின்னால் சிலுவை வடிவத்தில் திருப்பக்கூடிய வால். இன்றைய விமானத்தின் அமைப்பு அப்படியே அதில் இருக்கிறது. அந்தக் குச்சிதான் முதல் உடற்பகுதி என்று சொல்லலாம். குச்சி உடைந்தால் வேறு குச்சி, பிரச்சினை முடிந்தது.

மனிதனே ஏறிப் பறக்கத் தொடங்கியபோது விஷயம் மாறியது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் 1896 வரை சுமார் 2000 முறை குன்றுகளில் இருந்து மிதந்து இறங்கினார். அவருடைய கிளைடர் வில்லோ மரக் குச்சிகளால் ஆனது, மேலே பருத்தித் துணி. வில்லோ கூடை முடைகிற மரம், வளையும். அது வளைந்து கொடுத்ததால் பல முறை அவர் தப்பித்தார். கீழே விழும்போது முதலில் தரையில் படும்படி முன்னால் ஒரு வளையத்தைப் பொருத்தினார். வளையம் உடையட்டும், ஆள் பிழைக்கட்டும் என்ற கணக்கு. உடைவதற்கென்றே ஒரு பாகம் வைப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் 1896 ஆகஸ்ட் 9-ம் தேதி ஸ்டோலன் அருகே உள்ள குன்றில் சுமார் 15 மீட்டர் உயரத்தில் இருந்து அவர் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அடுத்த நாள் பெர்லினில் இறந்தார். கிளைடரை ஒட்டலாம், தைக்கலாம். ஆளை ஒட்ட முடியாது. இதற்குப் பின் வந்த எல்லோருடைய மனதிலும் இந்தச் சாவு இருந்தது. ரைட் சகோதரர்கள் பறப்பதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கத் தொடங்கியதும் இந்தச் செய்திக்குப் பிறகுதான்.

கிட்டி ஹாக் மணலில்

சைக்கிள் கடை வைத்திருந்த வில்பரும் ஆர்விலும் 1900-ல் தங்கள் முதல் பெரிய கிளைடரோடு கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போனார்கள். அக்டோபரில் ஒருநாள் அது தரையில் நின்றுகொண்டிருந்தபோதே காற்று அதைத் தூக்கி வீசி அடித்தது. துண்டுகளைக் கூடாரத்துக்கு இழுத்து வந்துவிட்டு, பேசாமல் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று இருவரும் யோசித்தார்கள். மறுநாள் காலையில் கொஞ்சம் தெம்பு வந்தது. சரி செய்ய முடியும் போலிருக்கிறதே என்று உட்கார்ந்தார்கள். மூன்று நாள் ஆனது. அன்று காலை அவர்கள் மூட்டை கட்டியிருந்தால்? யோசித்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

அந்த வருட வேலை முடிந்ததும் கிளைடரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த டேட் குடும்பத்து அம்மா அதன் இறக்கைத் துணியை எடுத்துத் தன் இரண்டு பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைத்துப் போட்டார். உலக வரலாற்றிலேயே விலை மதிப்புள்ள கவுன் துணி அதுவாகத்தான் இருக்கும். :-)

1902 செப்டம்பரில் இதைவிடப் பெரிய விபத்து. ஆர்வில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஏறக்குறைய 30 அடி உயரத்தில் கிளைடர் நிலைகுலைந்து பின்னோக்கிச் சரிந்து மணலில் மோதியது. குச்சியும் துணியும் குவியலாகக் கிடக்க, நடுவில் ஆர்வில் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தார். சரி செய்யப் பல நாட்கள் ஆயின. மீண்டும் பறந்தார்கள். ஆனால் கிளைடர் சில சமயம் பக்கவாட்டில் சரிந்து மணலைத் தோண்டும் பழக்கம் போகவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு காபி அதிகமாகக் குடித்துவிட்டு ஆர்வில் தூங்காமல் படுத்திருந்தார். அசையாமல் இருக்கும் பின் வாலை அசையும்படி செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அதை இறக்கையை முறுக்கும் கம்பியோடு இணைத்துவிடலாம் என்று வில்பர் சேர்த்துச் சொன்னார். அந்த மாற்றத்துக்குப் பிறகு அந்த ஆண்டு நூற்றுக்கணக்கான முறை பறந்தார்கள். மிக நீண்டது 622 அடிக்கு மேல், 26 வினாடி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ரைட் சகோதரர்கள் உடைந்ததைப் பழையபடி ஒட்டி வைத்ததோடு நிற்கவில்லை. ஏன் விழுந்தது என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகு வடிவத்தையே மாற்றினார்கள்.

1903 டிசம்பர் 14 அன்று என்ஜின் வைத்த விமானத்தில் வில்பர் முயன்றார். மூன்றரை வினாடியில் கீழே இறங்கி முன்பக்கம் சேதமானது. இரண்டு நாளில் சரி செய்தார்கள். டிசம்பர் 17 அன்று நடந்தது உலகம் அறிந்தது. 12 வினாடிப் பறத்தலில் தொடங்கி நான்காவது முறை 59 வினாடி, 852 அடி. அதாவது உலகின் முதல் விமானப் பயணம் ரிப்பேர் செய்யப்பட்ட விமானத்தில் நடந்தது! அன்றே காற்று அதைப் புரட்டிப் போட்டு மீண்டும் உடைத்தது என்பது வேறு கதை.

பாலில் இருந்து வந்த பசை

குச்சியையும் துணியையும் விட்டு, மெல்லிய பிளைவுட் பலகையால் மூடிய உடல் வந்தபோதுதான் பசை முக்கியமானது. முன்பு கம்பியும் ஆணியும் கயிறும் பிடித்திருந்த இடங்களை இப்போது பசை பிடித்தாக வேண்டும்.

பழைய தச்சர்கள் பயன்படுத்தியது மாட்டுத்தோல், எலும்பில் இருந்து காய்ச்சும் பசை. நம்மூரில் வஜ்ஜிரம் என்பார்கள். சூடாக்கினால் இளகும், ஈரம் பட்டால் விட்டுவிடும். மேசைக்குச் சரி, மழையில் பறக்கும் விமானத்துக்குச் சரிவராது. முதல் உலகப் போர் காலத்தில் கேசீன் பசை பெருமளவில் வந்தது. கேசீன் என்பது பாலைத் திரித்தால் கிடைக்கும் புரதம். தோல் பசையைவிட ஈரத்தைத் தாங்கும். ஆனால் இதுவும் உணவுப்பொருள்தானே! ஈரமும் வெப்பமும் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

போர் முடிந்ததும் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனி என்ஜின் விமானம் செய்வதைத் தடுத்தது. என்ஜின் கூடாது என்றால் என்ஜின் இல்லாமல் பறக்கிறோம் என்று இளைஞர்கள் கிளைடர் பக்கம் திரும்பினார்கள். 1920-ல் வாசர்குப்பே என்ற மலையில் முதல் கிளைடர் போட்டி நடந்தது. பங்கேற்றவர்களில் நிறையப் பேர் கல்லூரி மாணவர்கள். அந்த முதல் போட்டியிலேயே ஓர் ஓட்டுநர் விழுந்து இறந்தார். இருந்தும் கூட்டம் குறையவில்லை.

பிறகு பழகுபவர்களுக்கென்று வந்த கிளைடர்களில் மூடிய உடலே கிடையாது. ஒரு சட்டம், ஒரு இருக்கை, பின்னால் வால். கற்றுக்கொள்பவன் எப்படியும் உடைப்பான், உடைத்தவனே ஒட்டட்டும் என்ற ஏற்பாடு. கிளைடர் கிளப்பில் பறக்கும் நேரத்துக்குச் சமமாகப் பட்டறையிலும் வேலை செய்ய வேண்டும்.

1930-களில் ஜெர்மனியில் கௌரிட் என்ற செயற்கைப் பசை வந்தது. பூஞ்சை பிடிக்காது, தண்ணீருக்கு அஞ்சாது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதன் குறை தெரிந்தது. வயதாக ஆக அது கண்ணாடி மாதிரி நொறுங்கத் தொடங்கியது. பழைய மரக் கிளைடர்களைப் பராமரிப்பவர்கள் அதன் மூட்டுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. பசையைப் பொறுத்தவரை இன்று ஒட்டுகிறதா என்பது பாதிக் கேள்விதான். நாற்பது வருடம் கழித்தும் ஒட்டியிருக்குமா என்பது மீதிப் பாதி.

இரண்டாக உடைந்த இரண்டு விமானங்கள்

இனி வருபவை கிளைடர் அல்ல, என்ஜின் விமானங்கள். ஆனால் மாதிரி கிளைடரின் உடல் எப்படி இருக்கிறதோ அதே முறையில் செய்யப்பட்டவை. அதனால் இங்கே சொல்லியாக வேண்டும்.

பால்சா என்ற மரம் தென் அமெரிக்காவில், முக்கியமாக ஈக்வடாரில் வளர்கிறது. மரங்களிலேயே மிக எடை குறைந்தவற்றில் ஒன்று. தக்கை மாதிரி நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் இரண்டு மெல்லிய பிளைவுட் தாள்களுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டினால் அபார உறுதி. சாண்ட்விச் என்றே அதற்குப் பெயர். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் இந்த முறையில் ஆல்பட்ராஸ் என்ற பயணிகள் விமானத்தைச் செய்தது. 1937-ல் பறந்தது. அதிக எடை ஏற்றித் தரையிறக்கும் சோதனையில் இரண்டாவது ஆல்பட்ராஸின் உடல் நடுவில் இரண்டாக முறிந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைப்போம். ஆனால் கொஞ்சம் பலம் கூட்டி மீண்டும் சேர்த்தார்கள். அந்த விமானம் பிறகு சேவைக்கும் போனது!

இதே முறையில் வந்ததுதான் இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற மாஸ்கிட்டோ. உடலை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாக அச்சில் செய்வார்கள். உள்ளே கம்பிகள் எல்லாம் பொருத்திவிட்டு வேர்க்கடலை ஓட்டை மூடுவது போல இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். மேசை நாற்காலி செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். மொத்தம் 7,781 மாஸ்கிட்டோக்கள் செய்யப்பட்டன.

இதன் முதல் விமானம், டபிள்யூ 4050 என்ற எண்ணுடையது, 1940 நவம்பர் 25-ல் பறந்தது. 1941 பிப்ரவரியில் பாஸ்கோம் டவுன் என்ற இடத்தில் சோதனையின்போது, தரையில் ஓடுகையில் வால் சக்கரம் குழியில் சிக்கிக்கொண்டது. உடல் முறிந்தது. எங்கே தெரியுமா? இறக்கைக்குப் பின்னால், பக்கவாட்டில் இருந்த கதவுக்கு அருகில். மேலே ஷாம்பு பாக்கெட் உதாரணம் சொன்னது இதற்குத்தான்.

அவசரத்துக்கு இரண்டாவது விமானத்துக்காகச் செய்து வைத்திருந்த உடலை எடுத்து இதில் பொருத்தினார்கள். பிறகு அந்தக் கதவுக்கு மேலே நீளவாக்கில் ஒரு மரப்பட்டியை ஒட்டினார்கள். அடுத்து வந்த மாஸ்கிட்டோக்களிலும் அந்தப் பட்டி நிரந்தரமானது. அருங்காட்சியகங்களில் நிற்கும் மாஸ்கிட்டோவின் வலது பக்கத்தைப் பார்த்தால் அது தெரியும். ஒரு விபத்தின் தழும்பு எல்லா விமானத்துக்கும் அடையாளமாகிவிட்டது. டபிள்யூ 4050 இன்றும் இங்கிலாந்தில், அது பிறந்த சாலிஸ்பரி ஹால் இடத்திலேயே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாஸ்கிட்டோவுக்கு முதலில் கேசீன் பசை. பிறகு ஏரோலைட். இதைக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த நார்மன் டி புரூய்ன். ஒரு பக்கம் பிசின் தடவி, மறுபக்கம் அமிலம் தடவி, இரண்டையும் சேர்த்தால் இறுகும்.

1944-ல் இந்தியாவிலும் பர்மா பக்கமும் பறந்த மாஸ்கிட்டோக்கள் சில நடுவானில் சிதறின. ஆட்கள் இறந்தார்கள். நம்மூர் வெயிலும் மழையும் பசையைக் கெடுத்துவிட்டது என்றே முதலில் எல்லோரும் சொன்னார்கள். விசாரித்தபோது பசையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ஈரத்தில் மரம் சுருங்கி விரிந்ததும் சொல்லப்பட்டது, தொழிற்சாலையில் சில மூட்டுகள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளியோடு ஒட்டப்பட்டிருந்ததும் சொல்லப்பட்டது. இடைவெளி விட்டு ஒட்டினால் எந்தப் பசையும் காப்பாற்றாது. வீட்டில் உடைந்த கப்பை ஒட்டுகிறவருக்கும் இது பொருந்தும்.

அரால்டைட்டும் அவசரப் பசையும்

போருக்குப் பின் இரண்டு பசைகள் மாதிரி விமானக்காரர்களின் வாழ்க்கையை மாற்றின.

ஒன்று எபாக்சி. ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1946-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அரால்டைட் என்றால் நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை, இரண்டு டியூபைச் சமமாகப் பிதுக்கிக் கலக்குவோமே, அதுதான். ஏரோலைட் செய்த டி புரூய்னின் நிறுவனமும் பிறகு சிபாவின் கைக்குப் போனது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அரால்டைட்டின் இந்தியச் சில்லறை வணிகத்தை 2020-ல் ஃபெவிகால் புகழ் பிடிலைட் வாங்கிக்கொண்டது.

மற்றொன்று சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் வகை. 1942-ல் கோடாக்கைச் சேர்ந்த ஹாரி கூவர் துப்பாக்கியில் குறிபார்க்கும் கண்ணாடிக்காக ஒரு பிளாஸ்டிக்கைத் தேடினார். இந்தப் பொருள் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. தொல்லை என்று ஒதுக்கிவிட்டார்! 1951-ல் வேறு ஆராய்ச்சியில் மறுபடி இதே பொருள், மறுபடி ஒட்டல். இந்த முறை அது குறை அல்ல, அதுவே பயன் என்று புரிந்தது. 1958-ல் விற்பனைக்கு வந்தது. காற்றில் இருக்கும் ஈரமே இதை இறுக வைக்கும். அதனால்தான் விரலில் பட்டால் அவ்வளவு சீக்கிரம் ஒட்டுகிறது.

பறக்கும் மைதானத்திலேயே உடைந்ததை ஒட்டி அன்று மாலையே மீண்டும் பறக்கலாம் என்ற வசதி இதனால் வந்தது. ஆனால் இது கெட்டியானது, வளையாது. அதிர்ச்சி தாங்க எபாக்சிதான் நல்லது.

ரேடியோவும் கண்ணாடி இழையும்

ரேடியோவால் மாதிரி விமானம் ஓட்டுவது 1930-களில் தொடங்கியது. வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் மாணவர்களாக இருந்தபோது அமெரிக்காவில் 'கஃப்' என்ற விமானத்தை 1937-ல் ரேடியோ மூலம் ஓட்டினார்கள். 8 அடி இறக்கை. அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ரேடியோவில் வால்வும் கனமான பேட்டரியும் இருந்ததால் விமானம் பெரிதாகத்தான் இருக்க முடியும். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் சின்னக் கிளைடருக்குள் ரேடியோ நுழைந்தது.

உடலும் மாறியது. 1957 நவம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 'பீனிக்ஸ்' என்ற கிளைடர் பறந்தது. கண்ணாடி இழையால் ஆன உலகின் முதல் கிளைடர். அதன் நடுவிலும் நம் பழைய நண்பன் பால்சா இருந்தது! 1972-ல் பிரவுன்ஷ்வைக் மாணவர்களின் கிளைடரில் கார்பன் இழை வந்தது. பெரிய கிளைடரில் வந்தது எல்லாம் கொஞ்ச காலத்தில் மாதிரி கிளைடருக்கும் வந்துவிடும். 2021-ல் மலை முகட்டின் பின்னால் காற்றைப் பயன்படுத்திச் சுற்றிச் சுற்றி ஓட்டி ஒரு ரேடியோ கிளைடரை மணிக்கு 882 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். என்ஜின் கிடையாது. அந்த வேகத்தில் மோதினால் ஒட்டுவதற்குத் துண்டுகூடக் கிடைக்காது.

இன்று எப்படி ஒட்டுகிறார்கள்?

நூறு வருட அனுபவம் இன்றைய வேலை முறையில் அப்படியே இருக்கிறது.

முதலில் மைதானத்தில் கிடக்கும் எல்லாச் சில்லுகளையும் பொறுக்குவார்கள். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பசை இல்லாமலே சேர்த்துப் பார்ப்பார்கள். இடைவெளி கூடாது என்பது மாஸ்கிட்டோ பாடம்.

மரமாக இருந்தால் முறிந்த முனைகளை நேராக ஒட்டக் கூடாது. இரண்டு முனையையும் நீளச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் சாய்வு என்பது விமான வேலையில் பழைய விதி. 2 மில்லிமீட்டர் பலகைக்கு 24 மில்லிமீட்டர். பசைக்குப் பிரித்து இழுப்பது பிடிக்காது, உரசி இழுத்தால் நன்றாகத் தாங்கும். சாய்வு வைத்தால் சுமை அந்தப் பக்கமாகப் போகிறது.

கண்ணாடி இழை உடலாக இருந்தால் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்சியில் நனைத்த கண்ணாடி இழைத் துணியைச் சுற்றுவார்கள். முதல் சுற்று சிறிது, அடுத்தது அதைவிட அகலம், அதற்கடுத்தது இன்னும் அகலம். ஏன் இப்படி? ஒரே அகலத்தில் தடிமனாகக் கட்டினால் ஒட்டிய இடம் இரும்பு மாதிரி ஆகிவிடும். அடுத்த முறை விழும்போது அது உடையாது, அதன் ஓரத்தில் உடையும். கிழிந்த சட்டைக்குத் தடித்த ஒட்டுப் போட்டால் ஒட்டு அப்படியே இருக்க, பக்கத்துத் துணி கிழிவது மாதிரி.

அடுத்தது எடை. இது பற்று வரவு கணக்கு மாதிரி, ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும். கிளைடரின் நடுப்புள்ளியில் இருந்து 60 செ.மீ. பின்னால் 10 கிராம் பசை கூடியது என்று வைத்துக்கொள்வோம். சமநிலைக்கு 20 செ.மீ. முன்னால் இருக்கும் மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். 10 கிராம் ரிப்பேர் 40 கிராம் ஆகிவிட்டது. கால் கிலோ எடையுள்ள கிளைடருக்கு இது சின்ன விஷயம் அல்ல. வாலில் கஞ்சத்தனம் செய்கிறவர்தான் நன்றாக ஒட்டுகிறவர்.

இந்தக் காலத்துக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. இப்போதைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. கார்பன் இழை அந்த அலையை மறைத்துவிடும். அதனால் ஆன்டெனா இருக்கும் மூக்கைக் கண்ணாடி இழையிலோ கெவ்லாரிலோ செய்வார்கள். உடைந்த மூக்குக்கு, உறுதியாக இருக்கட்டுமே என்று கார்பன் துணி சுற்றினால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் தூரம் போனதும் சிக்னல் கிடைக்காமல் கிளைடர் யார் தலையிலாவது போய் விழும். பலம் கூடியது, விமானம் போனது.

வெயிலும் ஒரு எதிரி. எபாக்சி சூட்டில் இளகும். பெரிய கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது அழகுக்கு அல்ல, சூடேறாமல் இருக்கத்தான். மதிய வெயிலில் மூடிய காருக்குள் வைத்த கிளைடரின் ஒட்டு இடம் கோணிக்கொண்டால் பசையைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாக

இந்த வரலாறு முழுக்க ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உடைந்த இடத்தைப் பலப்படுத்துவது மட்டும் ரிப்பேர் அல்ல. ஏன் அங்கே உடைந்தது என்று கேட்பதுதான் ரிப்பேர். ரைட் சகோதரர்கள் கேட்டார்கள், வால் அசையத் தொடங்கியது. டி ஹாவிலண்ட் ஆட்கள் கேட்டார்கள், கதவுக்கு மேலே ஒரு பட்டி வந்தது. 1944-ல் விசாரித்தவர்கள் பசையோடு நிறுத்தாமல் மூட்டு வரைக்கும் போனார்கள், அதற்குப் பின் பறந்தவர்களுக்கு அது உதவியது.

இப்போது விலை குறைந்த நுரை கிளைடர்கள் வந்துவிட்டன. உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது பல சமயம் லாபமாகவே இருக்கும். கணக்குப் பார்த்தால் தவறு இல்லை. ஆனால் தூக்கிப் போட்டவருக்கு ஏன் உடைந்தது என்று தெரிந்திருக்காது. புதியதும் அதே இடத்தில் உடையும்.

சீடர் ரேப்பிட்ஸில் அந்தப் பொம்மை உடைந்த அன்று மில்டன் ரைட் இன்னொன்று வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. பையன்கள் தாங்களே செய்யட்டும் என்று விட்டார். நல்லதாய்ப் போயிற்று.